2020 ஹாலிபட் பருவம் ஏன் தள்ளிப்போனது? வாஷிங்டன் கடலோரத் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் குடியேறி, படகும் தூண்டிலுமாகப் பழகிவிட்ட தமிழ் நண்பர்கள் வருடாவருடம் ஏப்ரல் பிறந்ததும் ஹாலிபட் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சு எப்படியும் 2020க்கு வந்து நிற்கும். கொரோனா காரணமாக அந்த வருடம் பருவம் உரிய நாளில் திறக்கவில்லை. சில இடங்களில் வாரக்கணக்கிலும் சில இடங்களில் மாதக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது இங்கே இல்லாதவர்களுக்காகவும், இருந்தும் காரணம் புரியாமல் இன்றுவரை மனத்தாங்கலோடு இருப்பவர்களுக்காகவும் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

ஹாலிபட் என்ன மாதிரி மீன்? அதற்கு ஏன் இத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள்?

தட்டை மீன்களிலேயே மிகப் பெரியது. எருமைநாக்கு மீனைப் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். ஒரு பக்கம் கரும்பழுப்பு, மறுபக்கம் வெள்ளை, கண் இரண்டும் ஒரே பக்கத்தில். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான் நிமிர்ந்து நீந்தும். வளர வளர இடது கண் நகர்ந்து வலது பக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு கடலடியில் படுத்த வாழ்க்கைதான். பசிபிக் ஹாலிபட் ஐம்பது வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. பெரிதாக வளர்வது பெண் மீன்.

1996இல் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் பகுதியில் தூண்டிலில் சிக்கிய 459 பவுண்டு மீன் உலக சாதனை. வாஷிங்டன் மாநில சாதனை 288 பவுண்டு, அதாவது சுமார் 130 கிலோ. 1989இல் ஸ்விஃப்ட்ஷர் பாரில், அதாவது மீன் கூடும் ஒரு கடலடி மேட்டில், பிடிபட்டது. நமக்கெல்லாம் கிடைப்பது இதில் ஒரு சிறு பங்கு எடைதான். ஆனாலும் அது அடியிலிருந்து மேலே வர மறுத்துத் தலையை உதறும்போது தூண்டில் கோல் வழியாகக் கைக்கு வரும் அந்தக் கனமான அதிர்வு வேறு எந்த மீனிலும் கிடைக்காது. சதை வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, கவிச்சி இல்லாமல் இருக்கும். மஞ்சளும் மிளகும் உப்பும் தடவி வாணலியில் இரு பக்கமும் புரட்டி எடுத்தால் போதும். ஒரு நிமிடம் கூடுதலாக அடுப்பில் விட்டாலும் வறண்டுவிடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

விதி கறாரானது. வாஷிங்டனில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன். அந்தக் காலத்தில் வருடம் முழுவதற்கும் நான்கு. பிடித்ததும் பதிவு அட்டையில் குறிக்க வேண்டும். பருவமும் அப்போது தொடர்ந்து திறந்திருக்கவில்லை, வாரத்தில் சில குறிப்பிட்ட நாட்கள்தான். அதனால் காலண்டரில் வட்டம் போட்டு, விடுப்பு சொல்லி, படகைச் சரிபார்த்து வைத்துக் காத்திருப்பார்கள். இருக்கும் நாட்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால்தான் 2020இல் அவை ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போனபோது அவ்வளவு வலித்தது.

2020இல் சரியாக என்ன நடந்தது?

அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட முதல் கோவிட் நோயாளி வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் கவுண்டியில், அந்த ஜனவரியில் கண்டறியப்பட்டவர். பிப்ரவரி கடைசியில் கிர்க்லாண்டின் முதியோர் இல்லத்தில் நோய் பரவி உயிர்கள் போயின. மார்ச் 23 அன்று ஆளுநர் ஜே இன்ஸ்லீ வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவிட்டார். அடுத்த இரண்டே நாளில், மார்ச் 25 நள்ளிரவோடு, மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறை பொழுதுபோக்கு மீன்பிடிப்பை மாநிலம் முழுவதும் நிறுத்தியது. ஏரி, ஆறு, கடல், சிப்பி பொறுக்கும் கரை என்று எதற்கும் விலக்கில்லை. முதலில் இரண்டு வாரம் என்றார்கள், பிறகு மே 4 வரை நீட்டித்தார்கள்.

ஹாலிபட் பருவம் ஏப்ரல் நடுவிலிருந்து பகுதி பகுதியாகத் திறந்திருக்க வேண்டியது. அந்தத் தேதிகள் அப்படியே கடந்து போயின. மே 5 அன்று உள்நாட்டு நீர்நிலைகள் திறந்தன. கடற்பகுதிகள் மூடியே இருந்தன, பலருக்குக் கோபம் வந்ததும் அன்றைக்குத்தான். மே பிற்பகுதியில் சியாட்டிலை ஒட்டிய உள்கடலான பியூஜெட் சவுண்டிலும், அதைப் பசிபிக்கோடு இணைக்கும் ஹுவான் டி ஃபூக்கா நீரிணையிலும் ஹாலிபட் பிடிக்க அனுமதி வந்தது. திறந்த பசிபிக்கை ஒட்டிய வெளிக்கடலோரம் கோடையின் பின்பகுதி வரை காத்திருந்தது.

நடுக்கடலில் இரண்டு பேர் படகில் இருந்தால் யாருக்கு என்ன ஆபத்து? மூடியது அதிகப்படி இல்லையா?

அந்த வருடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் தங்கள் சொந்தப் படகில் கரையிலிருந்து பத்து மைல் தள்ளி இருந்தால் அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை என்பது சரிதான். மறுப்பதற்கில்லை.

ஆனால் படகு கடலுக்குள் தானாகப் போய்விடுவதில்லையே. சியாட்டில், டகோமா, எவரெட் பகுதிகளிலிருந்துதான் பெரும்பாலானோர் கிளம்புகிறார்கள். அங்கிருந்து மக்கா பழங்குடியினரின் கடலோர ஊரான நியா பே போக படகை இழுத்துக்கொண்டு நான்கு ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். வழியில் பெட்ரோல் பங்க். ஐஸ் வாங்க ஒரு கடை. முந்தைய இரவு தங்க ஒரு விடுதி. விடியற்காலையில் இறங்குதுறையில் வரிசை. மாலையில் மீனை அறுத்துச் சுத்தம் செய்யும் மேசையில் பத்துப் பேர் தோளோடு தோள். திறப்பு நாள் என்றால் இது ஒரு படகோடு நிற்காது, நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே காலையில் ஒரே சிற்றூரில் வந்து குவியும். அப்போது நோய் அதிகம் இருந்தது நகரத்தில். படகுகள் நகரத்திலிருந்துதான் வந்தன. போய்ச் சேரும் ஊரிலோ பெரிய மருத்துவமனை கிடையாது.

என் கருத்தைச் சொல்கிறேன். உள்நாட்டு ஏரிகளைக்கூட ஆறு வாரம் மூடியது தேவையா என்று விவாதிக்கலாம், அதில் எனக்கும் சந்தேகம் உண்டு. கடலோரச் சிற்றூர்களின் விஷயம் வேறு. அங்கே காத்திருக்கச் சொன்னது சரி. மீன் பொதுச்சொத்துதான், ஆனால் அதனிடம் போகும் வழி ஒருவருடைய ஊருக்கு நடுவே போகிறது. அந்த ஊர்க்காரர்கள் இப்போது வராதீர்கள் என்றால் வராமல் இருப்பதுதான் முறை.

மக்கா பழங்குடியினர் நியா பேவை ஏன் அத்தனை நாள் மூடி வைத்தார்கள்?

அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்கப் பெருநிலத்தின் வடமேற்கு மூலையில், கேப் ஃப்ளாட்டரி முனையில் இருக்கிறது நியா பே. மக்கா மக்களின் ஒதுக்கீட்டு நிலம் அது. நிரந்தரமாக வாழ்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஊருக்கு வரும் பிரதான சாலை ஒன்றே ஒன்று, கடலை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் 112ஆம் எண் சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். ஊரில் ஒரு சிறு மருத்துவ நிலையம் உண்டு. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கும் மேலே, போர்ட் ஏஞ்சலஸ் வரை போக வேண்டும்.

2020 மார்ச்சிலேயே வெளியாட்களுக்கு ஊரை மூடிவிட்டார்கள். தெற்கே லா புஷ்ஷில் குயிலியூட் மக்களும் அதையே செய்தார்கள். மாநிலம் கடலைத் திறந்தாலும் துறைமுகத்தைத் திறப்பதும் திறக்காததும் அவர்கள் உரிமை. அவர்கள் நிலத்தில் மாநில அரசின் உத்தரவு செல்லாது.

இதைப் பிடிவாதம் என்று சிலர் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் கொள்ளைநோய் என்பது அந்த ஊரில் வெறும் செய்தி அல்ல. 1850களின் தொடக்கத்தில் கப்பல் வழியே வந்த பெரியம்மை மக்கா ஊர்களில் பெரும்பகுதி மக்களைக் கொன்றது. மொழி தெரிந்தவர்கள், படகு கட்டத் தெரிந்தவர்கள், எந்தப் பாரில் எப்போது மீன் நிற்கும் என்று தெரிந்தவர்கள் போனார்கள். மிச்சமிருந்தவர்கள்தான் 1855இல் நியா பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, கடலில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2020இல் அந்த ஊர்ப் பெரியவர்களைப் பாதுகாக்க வாயிலை அடைத்தவர்கள் இந்த வரலாற்றை வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் போகும் அதே பார்களில் ஹாலிபட் பிடிப்பதை மக்கா மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார்கள். மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்துச் செய்த அவர்களது தூண்டில் முள்ளை நியா பே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒசெட் என்ற பழைய ஊர் மண்சரிவில் புதைந்து, 1970களில் தோண்டியெடுக்கப்பட்டபோது கிடைத்த பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன. போகிறவர்கள் மீன் பிடித்த கையோடு திரும்பிவிடாமல் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள்.

எங்களைத் தடுத்துவிட்டு வணிகப் படகுகளை மட்டும் விட்டது நியாயமா?

வணிக மீன்பிடிப்பு உணவு உற்பத்தி என்ற கணக்கில் அத்தியாவசியத் தொழிலாக வைக்கப்பட்டது. அதனால் நிறுத்தவில்லை. அவர்களுக்கும் அது நல்ல வருடம் இல்லை. உணவகங்கள் மூடிக்கிடந்ததால் ஹாலிபட்டுக்கு விலை போகவில்லை.

எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? வாஷிங்டன் தூண்டில்காரர்களின் பங்கு எவ்வளவு?

இந்தக் கணக்கு ஒருமுறை புரிந்துவிட்டால் பருவத் தேதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவும் கனடாவும் 1923இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிறந்தது சர்வதேச பசிபிக் ஹாலிபட் ஆணையம். தலைமையகம் சியாட்டில். கலிபோர்னியாவிலிருந்து பெரிங் கடல் வரை கடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மூன்றும் சேர்ந்தது 2ஏ பகுதி. 2020இல் அதற்குப் பங்கிடக் கிடைத்தது 15 லட்சம் பவுண்டு. தலையும் குடலும் நீக்கிய எடை இது.

அதில் 35 சதவீதம், அதாவது 5,25,000 பவுண்டு, ஒப்பந்த உரிமை பெற்ற பழங்குடியினருக்கு. மீதம் 9,75,000. இதில் வாஷிங்டன் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு 35.6 சதவீதம், ஓரிகனுக்கு 29.7, கலிபோர்னியாவுக்கு 4, மிச்சம் 30.7 வணிகப் படகுகளுக்கு. வாஷிங்டனின் 35.6 சதவீதம் என்பது 3,47,100 பவுண்டு. அதிலிருந்து, ஒரே நீளக் கயிற்றில் பல முட்களைக் கட்டிக் கருங்காட் என்ற ஆழ்கடல் மீனைப் பிடிக்கும் நீள்தூண்டில் படகுகளில் தற்செயலாகச் சிக்கும் ஹாலிபட்டுக்காக 70,000 பவுண்டு ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் நமக்கு வருவது 2,77,100 பவுண்டு.

ஒரு மீன் சராசரியாக 20 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 14,000 மீனுக்கும் குறைவு. மாநிலம் முழுவதுக்கும், வருடம் முழுவதுக்கும் அவ்வளவுதான். அதையும் கொலம்பியா ஆற்று முகத்துவாரம், தென்கடலோரம், வடகடலோரம், பியூஜெட் சவுண்ட் என்று மறுபடி பிரிக்கிறார்கள். இதில் பெரிய பங்கு நியா பேயும் லா புஷ்ஷும் இருக்கும் வடகடலோரத்துக்கு. ஆக 2020இல் மூடிக் கிடந்த துறைமுகங்கள்தான் பெரும்பங்கு மீனுக்கு வாசலாக இருந்தன.

விட்டுப்போன நாட்களைக் கழித்துவிட்டு, மே மாதத்திலேயே மொத்தமாகத் திறந்திருக்கலாமே?

அப்படித் திறந்தால் எண்ணுவது யார்? அதுதான் சிக்கல். ஒதுக்கீடு சிறியது, நல்ல வானிலை அமைந்தால் ஒரு வார இறுதியிலேயே ஒரு பகுதியின் பங்கில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு திறப்பு நாளிலும் துறைமுகங்களில் கணக்கெடுப்பாளர்கள் நிற்பார்கள். படகு கரைக்கு வந்ததும் எத்தனை பேர் போனீர்கள், எத்தனை மீன், எந்தப் பகுதி என்று கேட்பார்கள். மீனைப் பலகையில் கிடத்தி மூக்கு முனையிலிருந்து வால் நடு வரை நீளம் அளப்பார்கள். நீளத்தை வைத்து எடை கணக்கிடப்படும். அந்த எண்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அடுத்த வாரம் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவாகும்.

இந்த வேலையை ஆறடி தள்ளி நின்று செய்ய முடியாது. அந்த வசந்தத்தில் முகக்கவசம் மருத்துவமனைகளுக்கே போதவில்லை. எண்ண ஆளில்லாமல் திறந்துவிட்டால் ஒதுக்கீட்டைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாது. பெண் மீன் வயதுக்கு வர ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு ஆகும் இனம் அது. ஒரு வருட அவசரத்துக்கு அதை விலையாகக் கொடுக்கக் கூடாது என்று துறை நினைத்ததில் தவறில்லை.

நோயின் தாக்கம் ஆய்வுப் பயணங்களையும் விடவில்லை. ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் நடத்தும் நீள்தூண்டில் ஆய்வு 2020இல் சுருக்கப்பட்டது.

தாமதமாகத் திறந்ததால் மீன் இடம் மாறிவிட்டதா? மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஹாலிபட் குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, கண்டத்திட்டின் விளிம்பில் ஆழத்தில் முட்டையிடும். பிறகு இரை தேடி ஆழம் குறைந்த பகுதிக்கு ஏறி வரும். கோடையிலும் மீன் இருக்கிறது, காணாமல் போய்விடுவதில்லை.

மாறுவது மற்ற விஷயங்கள். கோடை ஏற ஏற நீரிணையில் நாய்ச்சுறா பெருகும். ஹாலிபட்டுக்குப் போட்ட இரை அடியைத் தொடும் முன்பே சுறா வந்து கவ்வும், ஒன்றைக் கழற்றி விட்டால் அடுத்தது. வெளிக்கடலோரத்தில் ஆகஸ்ட் காலைகள் மூடுபனி. ஜிபிஎஸ்ஸும் ரேடாரும் இல்லாத சிறு படகோடு பனிக்குள் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதோடு ஆகஸ்ட் சால்மனுக்கும் வெஸ்ட்போர்ட் பக்கம் ஆல்பகோர் சூரைக்கும் உச்ச காலம். ஒரே படகு, ஒரே வார இறுதி, எதற்குப் போவது என்ற குழப்பம் வந்துவிடும். மே மாதத்தில் அந்தக் குழப்பம் இல்லை, அப்போது ஹாலிபட் மட்டும்தான் கண்ணில் நிற்கும்.

நீரிணையில் இன்னொரு கணக்கும் உண்டு. நீரோட்டம் பலமாக இருந்தால் மூன்று பவுண்டு ஈயக்குண்டுகூட அடியில் நிற்காமல் இழுபடும். அதனால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைந்த நாளைத் தேடுவார்கள். திறப்பு நாட்களின் பட்டியலையும் நீர்மட்ட அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துவரும் நாளுக்கு மட்டும் விடுப்பு எடுப்பார்கள். 2020இல் அப்படிப் பார்த்து வைத்த நாட்கள் எல்லாம் போய், புதிய தேதிகளுக்கு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

உரிமத்துக்குக் கட்டிய பணம்?

வாஷிங்டனில் மீன்பிடி உரிமத்தின் வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். பழைய உரிமம் காலாவதியாகும் நேரத்தில்தான் மூடல் வந்தது. ஆர்வத்தில் முன்கூட்டியே புதுப்பித்தவர்கள் கையில் அட்டையோடு கரையில் நின்றார்கள். அவர்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் உரிமக் கட்டணம் மீன் குஞ்சுப் பண்ணைகளுக்கும் கணக்கெடுப்பாளர்களுக்கும் போகும் பணம். அந்த ஒரு வருடம் அதை நன்கொடையாக நினைத்து விட்டுவிட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

பக்கத்து மாநிலங்களில் என்ன செய்தார்கள்? அங்கே போய்ப் பிடித்திருக்கலாமே?

ஓரிகன் மொத்தமாக மூடவில்லை. ஆனால் ஏப்ரல் 10 முதல் வெளிமாநிலத்தவர் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் தடை விதித்தது. வாஷிங்டன்காரர்கள் கொலம்பியா ஆற்றைத் தாண்டி வந்து குவிவார்கள் என்ற கவலை. அது வீண் கவலை இல்லை.

கனடா எல்லை மார்ச் 21 முதல் அத்தியாவசியமற்ற பயணத்துக்கு மூடப்பட்டது. வான்கூவர் தீவுப் பக்கம் போகும் வழக்கமும் நின்றது.

அலாஸ்காவில் பருவம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும், சட்டப்படி திறந்தே இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று விதி வந்ததும் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. வாடகைப் படகுக்காரர்களைக் காப்பாற்ற ஜூன் மாதத்தில் அளவு விதிகளைத் தளர்த்தினார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் 40 அங்குலம் வரை என்றிருந்தது 45 ஆனது. தென்மத்தியப் பகுதியில் இரண்டாவது மீனுக்கு 26 அங்குலமாக இருந்த வரம்பு 32 ஆனது. வருகிற சிலராவது கூடுதலாக ஒரு நல்ல மீனோடு போகட்டும் என்ற எண்ணம். ஒதுக்கீடு மிச்சமாகும் என்று தெரிந்த வருடத்தில் நல்ல முடிவு அது.

காத்திருந்த வாரங்களில் தூண்டில்காரர்கள் என்னதான் செய்தார்கள்?

கராஜில் இருந்தார்கள். ரீலைக் கழற்றி எண்ணெய் போட்டார்கள். பழைய பின்னல் நூலை அவிழ்த்து, தேய்ந்த பகுதியை வெட்டிவிட்டு மறுமுனையிலிருந்து சுற்றினார்கள். டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்குக்குக் கிரீஸ் அடித்தார்கள், இதை வருடாவருடம் தள்ளிப்போடுகிறவர்கள்கூட.

புதிதாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்-வடிவில் வளைத்த கம்பி ஒன்று. குட்டைக் கையில் ஈயக்குண்டு, நீளக் கையில் முள்ளோடு கூடிய தடித்த நூல். அப்போதுதான் அடிவரை இறங்கும்போது இரண்டும் சிக்கிக்கொள்ளாது. முள் வட்ட முள்ளாக இருக்கட்டும். அது மீனின் வாயோரத்தில் தானாக மாட்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கோல் வளைந்ததும் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தால் போதும். இரைக்கு ஹெர்ரிங் மீன், கணவாய், பேய்க்கணவாய்த் துண்டு. பேய்க்கணவாய் கெட்டி என்பதால் சுறா கடித்தாலும் முள்ளில் தங்கும். ஹெர்ரிங் வாசம் பரப்பும். இரண்டையும் சேர்த்துக் கோப்பது என் வழக்கம். நாற்பது ஐம்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்திலிருந்து வெறும் ஈயத்தை இழுத்து எடுப்பதே தோளுக்கு வேலைதான்.

மீன் பெரிதாக இருந்தால் உயிரோடு படகுக்குள் இழுத்துப் போடாதீர்கள். வால் அடித்துக் கால் எலும்பு முறிந்த கதைகள் உண்டு. பக்கவாட்டிலேயே எறிஈட்டியால் குத்திக் கயிற்றில் பிடித்து, செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்ட பிறகு உள்ளே எடுங்கள். சதையும் வெள்ளையாக நிற்கும்.

இறங்குகருவி ஒன்று படகில் கட்டாயம் இருக்க வேண்டும். வாஷிங்டனில் 2017 முதல் விதி. ஹாலிபட்டுக்குப் போட்ட தூண்டிலில் மஞ்சள் கண் பாறைமீன் போன்ற பாதுகாக்கப்பட்ட இனம் சிக்கினால், ஆழத்திலிருந்து வந்ததால் காற்றுப்பை உப்பி அதனால் திரும்ப இறங்க முடியாது. இந்தக் கருவியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கி விட்டால் பிழைத்துக்கொள்ளும். விலை குறைவு, செய்யும் நன்மை பெரிது.

இந்தத் தாமதத்தில் அதிகம் அடிபட்டது யார்?

நம்மைப் போலப் பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் இல்லை. வெஸ்ட்போர்ட், இல்வாக்கோ, சீக்கியூ ஊர்களில் வாடகைப் படகு ஓட்டுகிறவர்கள், இரை விற்கிறவர்கள், விடுதி வைத்திருப்பவர்கள், காலை நான்கு மணிக்குக் கடை திறந்து காபியும் முட்டையும் போடுகிறவர்கள். குளிர்காலம் முழுவதும் வருமானமின்றி இருந்துவிட்டு ஹாலிபட் திறப்பில்தான் அவர்களுக்கு வருடம் தொடங்கும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு, அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மாற்றிக்கொண்டவர்கள் அந்தத் தொழில் பிழைக்க உதவினார்கள் என்று நினைக்கிறேன்.

மக்கா மக்களுக்கும் நட்டம்தான். அவர்களது துறைமுகம், தங்கும் இடங்கள், கடைகள் எல்லாம் வருகையாளரை நம்பியவை. தங்கள் வருமானத்தைத் தாங்களே நிறுத்தித்தான் கதவை அடைத்தார்கள். இதை மறந்துவிட்டு நம் விடுப்பு நாள் போயிற்று என்று மட்டும் பேசுவது சரியாகாது.

பிடிக்காமல் விட்ட ஒதுக்கீடு அடுத்த வருடத்தில் சேருமா?

சேராது. ஒரே வருடத்துக்குள் ஒரு பகுதியின் மிச்சத்தை இன்னொரு பகுதிக்கு மாற்ற வழி உண்டு. செப்டம்பர் 30 தாண்டிவிட்டால் தூண்டில்காரர்களுக்கு அந்த வருடக் கணக்கு முடிந்தது. பிடிபடாத மீன் கடலில் இருக்கும், அவ்வளவுதான்.

நியா பே எப்போது மீண்டும் திறந்தது? இப்போது போக என்ன செய்ய வேண்டும்?

2022 மார்ச் மாதத்தில் திறந்தார்கள், ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தில் சிலர் சீக்கியூவில் படகை இறக்கி நீரிணை வழியே மேற்கே நீண்ட தூரம் ஓட்டிப் போனார்கள். எரிபொருள் கணக்குப் போடாமல் அதைச் செய்யக் கூடாது. திரும்பும்போது மேற்குக் காற்று எழுந்தால் அலை முதுகில் ஏறும்.

இப்போது போகிறவர்கள் மக்கா நிலத்தில் பொழுதுபோக்குக்கான அனுமதிச் சீட்டை ஊருக்குள் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். மாநில உரிமம், ஹாலிபட் பதிவு அட்டை, இறங்குகருவி மூன்றும் கையில் இருக்க வேண்டும். வடகடலோரத்தில் ஹாலிபட் பிடிக்கக் கூடாத மூடிய பகுதி ஒன்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், பாறைமீன்களைக் காக்க. அதன் எல்லைப் புள்ளிகளைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே ஜிபிஎஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். தேதிகள் நடுவில் மாறும், எனவே கிளம்பும் நாள் காலையில் துறையின் அவசர விதி அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் படகை இணையுங்கள். கரைக்குத் திரும்பியதும் அளவுப் பலகையோடு நிற்கும் பெண்ணோ பையனோ கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லுங்கள். மீனை அறுக்கும் முன் அவர்கள் அளக்கட்டும்.